மூணாவது மாடிக்கு ஒரு விசில்

கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆறு கம்பியையும் ஒரு தரம் தடவியதுமே கார்குழலி கையை நிறுத்தினாள். சுருதி எகிறிக் கிடந்தது. கொஞ்சம் இறங்கியிருந்தால் அதிசயப்பட ஒன்றுமில்லை. நேற்று மாட்டிய புதுக் கம்பி, இழுபட இழுபட இறங்கத்தான் செய்யும். ஏறுவது எப்படி? எந்தக் கம்பியும் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது. யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

கம்பிகள் அடியில் வந்து முடிகிற பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை அமுக்கினாள். கல்லை அமுக்குவதுபோல் கனத்துக் கொஞ்சமாக இறங்கியது. மேலே தூக்கிப் பார்த்தாள். அசையவே இல்லை.

"டேய் பிராங்கிளின், இத்தப் பாரேன்."

பிராங்கிளின் ராயபுரத்துக்காரன். அவள் இசைக்குழுவில் கானா பாடுகிறவன். ஆம்ப்பையும் ஒயர் மூட்டையையும் சுமந்துகொண்டு அப்போதுதான் மூன்று மாடி ஏறி அவள் அம்மா வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனும் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, வெல்டிங் வச்ச மாரி கீது?"

வெல்டிங் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் புருஷன் பகலவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் யார்டில் ஃபிட்டர்.

கீழே ஷாமியானா கட்டும் சத்தம் கேட்டது. குடியிருப்பின் இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நீலத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் புத்தர் படம், அம்பேத்கர் படம், பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய மூன்றாவது படம். அந்த மூன்றாவது படம் செத்துப்போன அவள் அப்பா குணசேகரனுடையது. துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். ஐந்து மணிக்குப் படத்திறப்பு. சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது.

போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"யோவ், என் கிட்டார்ல கை வெச்சியா?"

"ஆமா குழலி." பின்னால் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் அவன் சந்தோஷமாகக் கத்தினான். "காலைல சொல்லலாம்னு பாத்தேன், நீ தூங்கிகினு இருந்த, எயுப்ப மனசு வரல. பின்னாடி மூடியத் தொறந்து பாத்தா அஞ்சு கொக்கி கீது, மூணு ஸ்பிரிங்குதான் மாட்டிகீற. மீதி ரெண்டு பொட்டியிலயே கெடந்துச்சி. மறந்துட்ட போலன்னு மாட்டிவுட்டேன். ஸ்பிரிங்க இஸ்து புடிக்கிற அந்த ரெண்டு ஸ்குரூ வேற தொளதொளன்னு நிக்குது. அத்தயும் நச்சுனு டைட் பண்ணிட்டேன். இப்ப எப்டி கீது?"

எப்டி கீது என்று கேட்ட குரலில் ஒரு சபாஷுக்கான எதிர்பார்ப்பு இருந்தது.

"நீ கெளம்பி வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. யார்டில் ஆடுகிற சாமான் என்றால் கெட்ட சாமான். ஒரு நட்டு ஆடிக்கொண்டிருந்தால் மேஸ்திரி வேலையை ஒப்புக்கொள்ள மாட்டார், மறுபடி செய் என்பார். கண்ணில் படுகிறதை எல்லாம் இறுக்குவது அவன் கைக்கு ஏறிப்போன பழக்கம். வீட்டில் குழாயை அவன் மூடினால் அவன்தான் வந்து திறக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலும் அப்படியே. போதாக்குறைக்கு, சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்று வாரம் பூராவும் அவன் காதருகே புலம்பித் தீர்த்தவள் அவளேதான். பாவம், கேட்டுக்கொண்டிருந்தவன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துவிட்டான்.

ஆனால் அந்தக் கிட்டாரின் சங்கதியே வேறு. அதன் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரக் கூடாது. மயிரிழை தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். முன்னால் ஆறு கம்பி இழுக்கும், முதுகுப் பக்கம் மூன்று ஸ்பிரிங் இழுக்கும். இரண்டு கட்சியும் சரிசமமாக மல்லுக்கட்டி நிற்கிற இடத்தில்தான் சுருதி. கைப்பிடியை அமுக்கினால் கம்பிகள் தளர்ந்து ஒலி சரியும். தூக்கினால் இறுகி மேலே ஏறும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கேதான் எல்லா வம்பும். கம்பியை முறுக்கும் தலைப்பக்கத்துக் கீயில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தால் திரும்பாது. தலையருகே கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டையின் பள்ளத்தில் ஒரு பிசிறு இருந்தால் திரும்பாது. திருவொற்றியூர்க் கடல் காற்று ஒரு வாரம் பட்டுக் கம்பி துருவேறினாலும் திரும்பாது. ஒரு கம்பியைச் சரிசெய்தால் மற்ற ஐந்தும் கோபித்துக்கொள்ளும். இத்தனைக்கும் நேற்று அவள் எல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தாள். புதுக் கம்பியை அளவாகச் சுற்றி, விரலால் இழுத்து இழுத்து நீட்டி, பள்ளத்தில் பென்சில் தூளைத் தேய்த்து, பிறகுதான் படுத்தாள்.

அந்தக் கைப்பிடிக்கு அப்பா வைத்த பேர் லிவர். அவள் பள்ளியில் படிக்கும்போது, கப்பலில் வந்த ஒரு மாலுமி ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் தள்ளிவிட்ட கிட்டாரை அப்பாதான் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் கம்பியைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கைப்பிடியைத்தான் பிடித்தார். "அமுக்குனா எறங்குது, தூக்குனா ஏறுது. அட, நம்ம வின்ச்சுதான்மே இது," என்று சிரித்தார். குழுவில் மற்றவர்கள் அதற்கு இங்கிலீஷில் என்னென்னவோ பேர் சொல்வார்கள். அவளுக்கு அது லிவர்தான்.

இன்று அந்த லிவரை நம்பித்தான் அவள் மொத்த ஊர் முன்னால் உட்காரப் போகிறாள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று அவளைத் தெருமுனை வரைதான் விட்டார்கள். "பொம்பளைங்க இத்தோட நில்லுங்கமே," என்று பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், கையை நீட்டி மறித்தார். ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது என்று எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிய குடும்பம்தான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்ற ஒன்றை மட்டும் எப்படியோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். வண்டி திரும்பியது. மேளச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அம்மாவும் அத்தைமார்களும் தரையில் விழுந்து புரண்டு அழுதார்கள். கார்குழலிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் என்னவோ பாதி வழியில் சிக்கிக்கொண்டு நின்றது. பெத்த பொண்ணுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று அதையும் நாலு பேர் பேசினார்கள்.

அதனால்தான் படத்திறப்பில் வாசிக்கிறேன் என்று கேட்டாள். தெருமுனையில் பாதியில் நிறுத்தப்பட்டதை முடித்து வைக்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு வழிதான்.

"துக்க வூட்ல இன்னாமே டொய்ங் டொய்ங்னு?" என்று பெரியப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவர் இறங்கி வந்தார். "சரி, படம் தொறந்தவொடனே கொஞ்ச நேரம். கலீஜா எதுனா கேட்டுச்சி, நானே வந்து பிளக்கப் புடுங்குவேன், ஆமா."

பிடுங்கக்கூடிய மனுஷன்தான்.

அவள் வாசிக்க நினைத்தது பாட்டே இல்லை என்று சொல்ல வேண்டும். தானே கட்டிய சின்ன மெட்டு ஒன்று, அது போய் முடிகிற இடத்தில் அப்பாவின் விசில். அந்த பிளாக்கில் குடியிருந்த எல்லோருக்கும் தெரிந்த விசில் அது. ஷிப்ட் முடிந்து வந்தால் அப்பா நேரே மாடி ஏற மாட்டார். கீழே தண்ணீர்ப் பம்ப் பக்கத்தில் நின்று விரலை மடக்கி வாயில் வைத்து ஒன்று விடுவார். நடுவில் தொடங்கி, சரிந்து அடியில் இறங்கி, தொடங்கின இடத்துக்குத் திரும்பி, அப்புறம் அதையும் தாண்டி எகிறி மேலே போய் நிற்கும். காதில் விழுந்ததுமே சின்னப் பெண் கார்குழலி கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்குவாள். விசில் சரியும்போது வீட்டு வாசலில் இருப்பாள். மேலே எகிறும்போது பாதிப் படியில் இருப்பாள். அந்தப் படிக்கட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. ஒருத்தர் இருமினால் நாலு பக்கமும் இருமும்.

ஒரு நாள் அவளும் அதே மாதிரி விரலை வைத்து அடித்துப் பார்த்தாள். அம்மா கெங்கம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "பொட்டப்புள்ள பிகிலு அடிக்கிறியா? நாலு பேரு கேட்டா இன்னாடி சொல்வாங்க?" வாயால் அடிக்க விடாததால்தான் நான் கையால் அடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிற்பாடு கார்குழலி மேடையில் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் ஆளுக்கொரு போன் வந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் பண்ண ஆரம்பித்தார். விசில் நின்றுபோனது.

கிட்டாரில் அந்த விசிலைக் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு. கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் லேசாகத் தொட்டு மீட்ட வேண்டும். மணி அடித்ததுபோல் மெல்லிசாக ஒரு ஒலி எழும்பும். அது காற்றில் இருக்கும்போதே லிவரை அமுக்கிச் சரித்து, விட்டு, பிறகு தூக்க வேண்டும். அமுக்குவது பாதி, தூக்குவது பாதி. தூக்க முடியாத லிவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஸ்குரூவ லூசு பண்ணிட்டாப் போச்சு," என்று பிராங்கிளின் ஒயர் மூட்டையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான். கிட்டாரைக் குப்புறப் போட்டு முதுகு மூடியைக் கழற்றினார்கள். ஐந்து ஸ்பிரிங்கும் விறைத்துக்கொண்டு நின்றன. ஸ்குரூ இரண்டும் மரத்துக்குள் அடிவரை போயிருந்தன. பிராங்கிளின் வைத்துத் திருகினான். வழுக்கியது. பலமாக அமுக்கித் திருகினான். அப்போதும் வழுக்கியது. கார்குழலி போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். ஸ்குரூ தலையில் இருந்த பிளஸ் குறி மழுங்கி வெறும் குழியாகியிருந்தது. நச்சென்று டைட் பண்ணிய லட்சணம்.

"இந்த ரெண்டு ஸ்பிரிங்க மட்டும் கொறட்டால கயட்டிட்டா?"

"கயட்டுனா பிரிட்ஜ் எங்க போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? சரிகட்டுற ஸ்குரூ ரெண்டுமே செத்துப்போச்சு. ஆறு கம்பியும் மறுபடி மொதல்லேருந்து. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லடா."

சொல்லும்போதே அவள் உள்ளங்கை வேர்த்தது. வேர்த்த கையால் கம்பியைத் தொட்டால் துரு. புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி வேர்த்தது.

பிராங்கிளின் தலையைச் சொறிந்தான். "அக்கா, இப்டி பண்ணேன். எறங்குறத ஒரு தபா வாசி. நிறுத்து. அப்பால லிவர அமுக்கிகினே மேல இன்னோரு எடத்துல தட்டி, மெல்ல வுடு. ஏறிடும்ல? ரெண்டா வாசி."

"ரெண்டா வெட்டுனா அது அவரு பிகிலே இல்ல. எங்கப்பா ஒரே மூச்சுல அடிப்பாரு. எனுக்குத் தெரியாதா?"

கோபமாகவே சொன்னாள். அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

எகிறிக் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுருதிக்குக் கொண்டுவந்தாள். விரலால் கம்பியைத் தள்ளி வளைத்து ஏற்றிப் பார்த்தாள். ஏறியது, ஆனால் அது கிட்டார் ஏறுவதுபோல் இருந்தது, மனுஷன் விசில் அடிப்பதுபோல் இல்லை. லிவரின் நுனியைப் பிடித்து முழுப் பலத்தோடு தூக்கினாள். ஒடிந்து கையோடு வந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டாள். மறுபடி தொட்டு மீட்டி, அமுக்கினாள், விட்டாள், தூக்கினாள். அமுக்கினாள், விட்டாள், தூக்கினாள். ஒவ்வொரு தரமும் ஒலி தொடங்கின இடத்துக்கு வந்து அங்கேயே நின்று செத்தது.

சமையல்கட்டு ஜன்னல் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. காலையில் ஊற்றிக்கொடுத்த காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவளை நினைத்தாலும் கார்குழலிக்குப் பயமாகத்தான் இருந்தது. எதைக் கொடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறாள், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

"ஏன்மே அத்தப் போட்டு அந்த இஸ்து இஸ்துற?" என்றாள் அம்மா திடீரென்று. "போதும். அங்கியே வுடு."

"இல்லமா, மேல போகணும். பாதியில நிக்குது."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்கத் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து கார்குழலி ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்தாள்.

நாலரைக்குப் பகலவன் வந்து சேர்ந்தான். யார்டு சட்டையைக்கூட மாற்றவில்லை. மூன்று மாடியையும் ஓடியே ஏறியிருக்கிறான். மழுங்கிய ஸ்குரூவைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. தான் செய்த வேலை என்ன என்று மற்றவர்களைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் ஸ்குரூ தலையைத் தடவினான்.

"டிரில் போட்டு எடுத்துரலாமா?"

"கிட்டார்ல டிரில் போடுவியா நீ?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. பகலவன் எழுந்திருக்கவில்லை. "ஆடிகினே இருந்தா நீ பேஜாராவுறியேன்னுதான் குழலி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை.

கீழே மைக்கில் ஹலோ ஹலோ என்று சோதித்தார்கள். பெரியப்பா படிக்கட்டிலிருந்தே கூப்பிட்டார். "குழலி, ஆளுங்க வந்துகினு கீறாங்க. முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிடு, ரேடியோ செட்டுக்காரன் பாட்டு வெச்சிகினு ரெடியா கீறான்."

முடியாது என்று சொல்லிவிடலாம். ஒருத்தரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். துக்கத்தில் பெண்ணுக்கு முடியவில்லை என்றால் ஊர் உச்சுக்கொட்டும், பெரியப்பாவும் நிம்மதியாக மூச்சு விடுவார். ஆனால் மறுபடியும் அதே தெருமுனை.

கடைசியாக ஒரு தரம் லிவரை அடிவரை அமுக்கி விட்டாள். பிராங்கிளின் கிட்டாரின் தலையில் மாட்டியிருந்த, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்தான். "அக்கா, முள்ளு நட்ட நடுவுல வந்து நிக்குது." மறுபடி அமுக்கினாள். மறுபடியும் நடுவில். எந்நாளும் திரும்பி வராத மூன்றாவது கம்பிகூட, அடங்கின பிள்ளையாகத் திரும்பி வந்திருந்தது. பிரிட்ஜ் உடம்போடு ஒட்டிக்கொண்டதால், போகிற தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து மோதி நிற்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கிட்டார் இவ்வளவு ஒழுங்காகச் சுருதியில் நின்றதே இல்லை. ஏறாது, அவ்வளவுதான்.

"வரேன் பெரியப்பா," என்று குரல் கொடுத்தாள். பாதி விசிலாவது அப்பாவுக்குப் போகட்டும்.

கீழே நாற்காலிகள் நிரம்பி, மிச்சப் பேர் பிளாக் வராண்டாக்களில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். யூனியன்காரர்கள் ஒரு வரிசை. முன்னால் அம்மா, அத்தைகள். புத்தரைச் சரணடையும் திரிசரணம் சொல்லி முடித்தார்கள். துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியை விலக்கினார். ஸ்டுடியோவில் எடுத்த படம். தலையைப் படிய வாரி, எதையோ அடக்கிக்கொண்டிருப்பதுபோல் உதட்டை இறுக்கி வைத்திருந்தார் அப்பா. கார்குழலி அந்தப் படத்தைப் பார்க்காமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். பார்த்தால் வாசிக்க முடியாது.

பிளக் போர்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

மெட்டைத் தொடங்கினாள். பிராங்கிளின் தொடையில் தட்டித் தாளம் பிடித்தான். முதல் சுற்றில் ஒரு கம்பி இறங்கிவிட்டதுபோல் தோன்றி வேர்வை முதுகில் ஓடியது. இல்லை, பிரமைதான். இரண்டாவது சுற்றில் மெதுவாக லிவரை அமுக்கிச் சரித்தாள். திரும்பி வந்தது. முன்வரிசையில் ஒரு அத்தை மூக்கைச் சிந்தினாள். பெரியப்பா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். அவர் கை போர்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தாள். பகலவன் ஷாமியானாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அதையும் இறுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

மெட்டு முடிந்தது. பிராங்கிளின் தட்டுவதை நிறுத்தினான். அந்த இடம் வந்துவிட்டது.

விரல் நுனியால் தொட்டு மீட்டினாள். மெல்லிசாக ஒன்று எழும்பியது. வராண்டாவில் யாரோ "அட" என்றார்கள். லிவரை அமுக்கினாள். ஒலி சரிந்து சரிந்து அடியில் இறங்கியது. விட்டாள். ஏறி, புறப்பட்ட இடத்துக்கு வந்து, சுத்தமாக நின்றது. தண்ணீர்ப் பம்ப் பக்கத்தில் அப்பா நிற்பதுபோலவே இருந்தது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

இனிமேல் மேலே போக வேண்டும். அவளையும் மீறிக் கை லிவரைத் தூக்கியது. அசையவில்லை. ஒலி மெலிந்துகொண்டே போனது. அவ்வளவுதான், முடிந்தது, மறுபடியும் பாதியில், என்று அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார்.

அப்போது விசில் கேட்டது.

நின்ற இடத்திலிருந்து எகிறி, மேலே, இன்னும் மேலே போய் நின்றது. கிட்டார் இல்லை. ஆம்ப் இல்லை. கார்குழலி திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் அம்மா, இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்தபடி அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "கெங்கம்மா... இத்தினி வருசமா நீயா அது?"

அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அவரு கீய நின்னு அடிப்பாரு. கடையில எதுனா வாங்கியாரணுமான்னு கேக்குறாருன்னு அர்த்தம். நான் ஜன்னலாண்ட நின்னு அடிப்பேன். ஒண்ணும் வாணாம், மேல வா, அப்டீன்னு. அவருது அங்கியே நின்னுடும்மே. அத்தத்தான் அப்பவே சொன்னேன்."

கார்குழலிக்கு நெஞ்சில் சிக்கியிருந்தது விட்டுப்போனது. அத்தனை பேர் முன்னாலும், மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். தெருமுனையில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். பகலவன் கம்பத்தை விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் குந்தினான், என்ன செய்வதென்று தெரியாமல் கிட்டார் சாயாமல் பிடித்துக்கொண்டான். பெரியப்பா போர்டுப் பக்கம் போகவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னோரு தபா அடிமே," என்றாள் அம்மா.

கார்குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியைத் தொட்டு மீட்டினாள். லிவரை அமுக்கினாள், விட்டாள். ஒலி இறங்கி, திரும்பி, புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது. இந்தத் தரம் அவள் லிவரைத் தூக்கவில்லை. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அம்மா மறுபடி விரலை வாயில் வைத்தாள். கிட்டார் சுருதிக்கு அது ஒரு மயிரிழை இறங்கித்தான் இருந்தது. மூணாவது மாடி வரைக்கும் கேட்டது.